காசாளரின் சொல்லும் தலைமையின் மௌனமும்

சாரல் பொழியும் மாதங்களில் அச்சன்புதூரின் மாலைப்பொழுதுக்கு ஒரு தனி அழகு உண்டு. மேற்கே மலைமுகடுகள் மேகத்துக்குள் மறைந்துகொள்ளும். வயற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். அடவிநயினார் அணைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதும், குற்றாலத்தில் எந்த அருவியில் கூட்டம் என்பதும் ஊர்ப்பேச்சாக இருக்கும். அத்தகைய ஒரு மாலையில், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு செய்தி சொன்னார். ஆண்டுகள் சில கழிந்தும் அது நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதனை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பெரியவர் வளைகுடா நாடொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் திரும்பியவர். சேர்த்த பணத்தின் பெரும்பகுதியை நம் வட்டாரத்திலுள்ள ஒரு வங்கிக் கிளையில் வைத்திருந்தார். எந்த வங்கி, எந்த ஊர்க் கிளை என்பது இங்கு வேண்டாம். அந்நாட்களில் அவ்வங்கியின் வாராக் கடன்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் அரைகுறையாகச் சில செய்திகள் வந்துகொண்டிருந்தன. தேநீர்க் கடையில் ஒருவர் படித்தார், மூவர் கேட்டனர், பொழுது சாய்வதற்குள் முப்பது பேருக்குப் பரவியது. பெரியவர் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். கூண்டுக்குள் இருந்த காசாளர் அண்டை ஊர்க்காரர். பெரியவரை ஊர் வழக்கப்படி மாமா என்று அழைப்பவர்.

“தம்பி, ஒளிக்காமச் சொல்லு. பணத்தை எடுத்துரட்டுமா, கெடக்கட்டுமா?”

காசாளர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, “எனக்குத் தெரியாது மாமா. மேல என்ன நடக்குன்னு எங்களுக்கே யாரும் சொல்லல. என் சம்பளமும் இங்கதான் கெடக்கு. நான் எடுக்கல” என்றாராம்.

பெரியவர் பணத்தை எடுக்காமல் திரும்பிவிட்டார். “அந்தப் பையன் ‘ஒண்ணும் ஆகாது மாமா’ன்னு மட்டும் சொல்லியிருந்தா, அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்திருப்பேன்” என்று அவர் நம்மிடம் கூறியபோது நாம் வியந்தோம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து அனைத்துக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வாடிக்கையாளர் எவர் கேட்டாலும் வங்கி மிக உறுதியான நிலையில் உள்ளது என்று மட்டுமே விடை கூற வேண்டும் என்பது அதன் சாரம். உறுதி என்பதற்கு ஆதாரமாக ஓர் எண் கூட அதில் இல்லை. அன்று தற்செயலாகக் கிளைக்கு வந்திருந்த மேலதிகாரியின் செவியில் காசாளரின் சொல் விழுந்துவிட்டது. ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நிறுவனத்தின்பால் பற்றின்மையை வெளிப்படுத்தும் வகையில் நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. அந்த மெமோவை எடுத்துக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். என்ன எழுதுவது என்று கேட்டார்.

பற்றின்மை என்னும் அச்சொல்லைக் கண்டு நாம் நெடுநேரம் திகைத்திருந்தோம். ஐயத்துடன் வந்த ஒருவரின் சேமிப்பை அந்த வங்கியிலேயே தங்கச் செய்தவர் பற்றில்லாதவரா? சுற்றறிக்கையை வரி பிசகாமல் ஒப்பித்து, அந்தப் பெரியவரை அன்றே பணத்துடன் வெளியேறச் செய்திருந்தால் அது பற்றா? ஊழியர் நிறுவனத்துக்குக் கடமைப்பட்டவர், மறுப்பார் இல்லை. ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்ல நிறுவனத்தின் தலைமை கடமைப்பட்டிருக்கிறதா? இந்த இரண்டாவது வினாவை ஏனோ நாம் எளிதில் கேட்பதில்லை.

வங்கி என்பது என்ன? கல்லும் சுண்ணமும் இரும்புப் பெட்டியும் அல்ல. பிறர் பொருளை வைத்திருந்து, கேட்டபோது திருப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கே வங்கி. நம் ஊர்களில் இதற்கு அமானிதம் என்றொரு சொல் உண்டு. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் நம் முன்னோர் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய காலத்தில், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் நகையையும் பணத்தையும் அமானிதமாக ஒப்படைத்துச் சென்றார்கள். பெருமானார் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில், தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ அவர்களை விட்டுச் சென்ற வரலாற்றை நம் சிறுவர்களும் அறிவர். வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கே நம் ஆய்வுப் பொருளன்று. அது தனியே பேசப்பட வேண்டியது, பேசப்பட்டும் வருகிறது. வட்டியை ஏற்காமல், பாதுகாப்புக்காகவும் வெளிநாட்டுப் பணம் வந்து சேர்வதற்காகவும் கணக்கு வைத்திருப்போர் நம்மிடையே பலர். அவர்களுக்கு வங்கி என்பது முழுக்க முழுக்க அமானிதமே.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அந்த மேலதிகாரியை நாம் கொடியவராகக் கருதவில்லை. வங்கி விந்தையான ஒரு நிறுவனம். இன்று வாங்கிய பணத்தை நாளை கேட்டாலும் தருவேன் என்று ஒரு பக்கம் சொல்கிறது. அதே பணத்தை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுத் தவணையில் இன்னொரு பக்கம் கடனாகக் கொடுக்கிறது. கையில் வைத்திருப்பது சிறு பகுதியே. ஆகவே எவ்வளவு நல்ல வங்கியாயினும் எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் தள்ளாடித்தான் போகும். 2003 ஏப்ரலில் குஜராத்தில் ஐசிஐசிஐ வங்கியைப் பற்றி ஆதாரமற்ற வதந்தி கிளம்ப, மக்கள் பணம் எடுக்கத் திரண்டார்கள். வங்கியின் நிலை அப்போது நன்றாகவே இருந்தது. அதனை ரிசர்வ் வங்கியும் உறுதி செய்தது. அத்தகைய வேளையில் கூண்டுக்குள் இருப்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால், அச்சொல்லே நெருப்பாகிவிடும் அன்றோ? பொய்யான அச்சத்தை அணைப்பது உண்மைக்கு எதிரானதாகாது. இதனை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஒப்புக்கொண்ட பின்னரும் நம் உள்ளம் அமைதி அடையவில்லை. ஏனெனில் நம் நாட்டு வங்கிகளின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. சென்னையில் அர்பத்நாட் என்னும் வெள்ளையர் நிறுவனம் பெரும் புகழுடன் விளங்கியது. ஓய்வு பெற்றோர், விதவைகள், சிறு வணிகர் எனப் பலரும் தம் சேமிப்பை அங்கே இட்டு வைத்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அதன் கதவு அடைக்கப்பட்டது. அடைக்கப்படும் வரை அதன் பெயர் உறுதியின் சின்னமாகவே இருந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். பணம் போட்டவர்களுக்கு அதனால் என்ன மீண்டது? 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி வீழ்ந்தது. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. இவ்விரண்டும் நமக்கு அண்டை நிலமான கேரளத்தில் கிளைத்தவை. மலைக்கு அப்பால் எழுந்த அழுகுரல் இப்பாலும் கேட்டிருக்கும். பாலை வங்கியின் வீழ்ச்சிக்குப் பிறகே 1962இல் வைப்புத் தொகைக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் அது 1,500 ரூபாய்க்கு மட்டுமே. 2020 பிப்ரவரியில்தான் அது ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது.

அதே 2020ஆம் ஆண்டு நவம்பர் 17 மாலை, கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடையாணை வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிக்கப்பட்டது. பத்து நாட்களில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. வைப்புத் தொகை வைத்திருந்தோருக்கு இழப்பில்லை. பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பத்து நாட்களில் தமிழகமெங்கும் அதன் கிளைகளில் அமர்ந்திருந்த எழுத்தர்களையும் காசாளர்களையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். வாடிக்கையாளர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர்கள் அவர்கள்தாம். கடன் கொடுத்த முடிவுகளை எடுத்தவர்கள் அவர்கள் அல்லர்.

இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. வங்கியில் மூன்று விதமான மௌனங்கள் உண்டு. அவை ஒன்றையொன்று போலவே தோற்றம் தருகின்றன. வாடிக்கையாளரின் கணக்கைப் பிறரிடம் சொல்லாத மௌனம் ஒன்று. அது அமானிதத்தின் பகுதி. அதனை மீறுவது துரோகம். இன்னும் முடிவாகாத ஒன்றை, அது முடிவாகும் வரை வெளியே விடாத மௌனம் இன்னொன்று. அது விவேகம். தம் பிழை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சித் தலைமை காக்கும் மௌனம் மூன்றாவது. இம்மூன்றாவது எப்போதும் முதலிரண்டின் உடையை உடுத்திக்கொண்டே வருகிறது. ‘நிறுவனத்தின் நன்மை கருதி’ என்ற சொற்றொடரோடு ஒரு சுற்றறிக்கை தொடங்கினால், அது எந்த மௌனம் என்று ஊழியர் எப்படி அறிவார்? அறிய முடியாது. அறிய முடியாத ஒருவரிடம் அறிந்ததைப் போலப் பேசு என்று கட்டளையிடுவதுதான் நம்மை உறுத்துகிறது. அக்கட்டளை அவருடைய நாவைத் தலைமையின் நாவாக ஆக்கிவிடுகிறது. ஆனால் ஊரில் முகம் அவருடைய முகமாகவே இருக்கிறது. மாமா என்று அழைத்த வாய்க்குத்தான் பழி.

தலைமை உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. அர்பத்நாட் வீழ்ச்சியின் சாம்பலிலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்னின்று தோற்றுவித்தது இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15 அன்று அது தொழில் தொடங்கியது. 1969இல் நாட்டுடைமையான பதினான்கு வங்கிகளுள் அதுவும் ஒன்று. அந்த வங்கி 1995–96ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,336 கோடி ரூபாய் நட்டத்தை அறிவித்தது. அதற்கு முன் இந்நாட்டு வங்கி எதுவும் ஒரே ஆண்டில் அவ்வளவு நட்டத்தைக் கண்டதில்லை. தகுதி பாராது கொடுக்கப்பட்ட பெருங்கடன்களே காரணம் என்பது பின்னர் நீதிமன்றங்கள் வரை சென்ற செய்தி. 1999இல் வர்மா குழு, நலிந்த வங்கிகள் என மூன்றைச் சுட்டிக்காட்டியபோது அவற்றுள் இதுவும் இருந்தது. மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

2000ஆம் ஆண்டு நடுவில் திருமதி ரஞ்சனா குமார் அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். பொதுத்துறை வங்கி ஒன்றின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். அவர் செய்தவற்றுள் கணக்கியல் சார்ந்தவை பல. அவற்றை வல்லுநர் எழுதட்டும். நம் கவனத்தை ஈர்ப்பது வேறு. வங்கியின் உண்மை நிலையை அவர் ஊழியர்களிடமிருந்து மறைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று ஊழியரையும் சங்கத்தினரையும் நேரில் சந்தித்துப் பேசினார். என்ன நட்டம், ஏன் நட்டம், எவையெல்லாம் கைவிடப்பட வேண்டும் என்பவை அவர்கள் முன் வைக்கப்பட்டன. கிளைகள் இணைக்கப்பட்டன; சில அலுவலகங்கள் மூடப்பட்டன; விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அனுபவம் மிக்க ஊழியர் பலர் வீட்டுக்குச் சென்றனர். 2001–02இல் வங்கி மீண்டும் இலாபத்தைக் கண்டது. சுமார் 33 கோடி ரூபாய். முந்தைய நட்டத்தின் முன் அது துளிதான். எனினும் 2007இல் அவ்வங்கியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்படும் நிலைக்கு அது நிமிர்ந்துவிட்டது.

இதனைத் தேவதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக நமக்கு விருப்பமில்லை. அரசாங்கம் மக்களின் வரிப்பணத்தை மூலதனமாகக் கொட்டியது. அது இல்லாமல் எந்தச் சொற்பொழிவும் அவ்வங்கியை எழுப்பியிராது. தனியார் வங்கிக்கு அந்தக் கை கிடைப்பதில்லை. மேலும், 2000–01இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் சென்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. விருப்பம் என்ற சொல் அவர்களுள் எத்தனை பேருக்குப் பொருந்தும்? நிறுவனத்தைக் காப்பாற்ற நீ வெளியேறு என்று கேட்பதும் பற்றைக் கேட்பதுதான். அதுவே கடைசியாகக் கேட்கப்படும் பற்று. அதைக் கேட்பவர் உள்ள நிலையைச் சொல்லிவிட்டுக் கேட்டாரா, மிரட்டிக் கேட்டாரா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. உண்மையைச் சொன்னதால் ஊழியர் வங்கியை விட்டு ஓடவில்லை, வாடிக்கையாளரும் ஓடவில்லை. இந்தியன் வங்கி நமக்குக் காட்டுவது இந்த அளவே. இதுவும் சிறிதன்று.

பெயரே மாறிவிடும்போது பற்று என்னவாகும்? திருநெல்வேலிச் சீமையின் சொந்த வங்கியாக விளங்கிய பாங்க் ஆஃப் தமிழ்நாடு 1990இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடு கலந்தது. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943இல் தோற்றுவித்த மதுரை வங்கி 2001இல் ஐசிஐசிஐ வங்கியில் இணைந்தது. மதுரை வங்கியில் ஏறத்தாழ 2,500 ஊழியர் இருந்தனர்; பலர் அதே வங்கியில் தலை நரைத்தவர்கள். இணைப்பு முடிவு 2000 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. ஊழியரின் பணிப் பாதுகாப்புக்கு உறுதி தரப்பட்டது. ஆயினும் முப்பதாண்டுக் காலம் ஒரு பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்தவர், ஒரு காலைப்பொழுதில் வேறொரு பலகையின் கீழ் அமரும்போது, நேற்றைய பற்றை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு இன்றைய பற்றை எடுத்து உடுத்திக்கொள்ள முடியுமா? உள்ளம் சட்டையன்று. ஆனால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய ஊழியர்கள் வாடிக்கையாளரின் கணக்கை அடுத்த நாளும் அதே கவனத்தோடுதான் பார்த்தார்கள். ஆகவே அவர்களுடைய பற்று பெயர்ப்பலகையின் மீது மட்டும் இருந்ததன்று. ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீதும் இருந்தது. மெமோ எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பிரித்தறிவது நலம்.

பற்றை மலிவாக வாங்க முயன்ற வரலாறும் நம்மிடம் உண்டு. 1975 அக்டோபர் 2 முதல் கிராம வங்கிகள் தோன்றின. நம் பகுதிக்கு 1977இல் பாண்டியன் கிராம வங்கி வந்தது. 2019இல் அது பல்லவன் கிராம வங்கியுடன் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயிற்று. உள்ளூர்ப் பிள்ளைகளை உள்ளூர்ச் சம்பளத்தில் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், ஊர்ப்பாசமும் இருக்கும் என்பது அத்திட்டத்தின் கணக்குகளுள் ஒன்று. அதே வேலையைச் செய்த வணிக வங்கி எழுத்தருக்கு அதிகச் சம்பளம், இவர்களுக்குக் குறைவு. நியாயம் கேட்டுப் போராடி, 1990இல் ஓபுல் ரெட்டி தீர்ப்பாயத்தின் வழியே அவர்கள் சமநிலையைப் பெற்றார்கள். அதுவரை அவர்கள் ஊர்ப்பாசத்தைக் குறைத்துக்கொண்டார்களா? விவசாயக் கடனும் நகைக்கடனும் கேட்டு வந்தவர்களைக் கேட்டால் விடை தெரியும். ஊழியரின் நல்ல குணத்தைக் கணக்கில் வரவு வைத்து, அதையே காரணமாக்கிக் கூலியைக் குறைக்கும் தலைமை, பின்னர் பற்றைப் பற்றிப் பேசும்போது நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

மேல்நாட்டு அறிஞர் இப்பொருளை நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் எழுதிய நூலொன்றில், நிறுவனம் சீர்குலையும்போது அதிலுள்ளவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். விலகிப் போவது ஒன்று. குரல் எழுப்புவது மற்றொன்று. பற்றுள்ளவர் உடனே விலகமாட்டார்; முதலில் குரல் எழுப்பிப் பார்ப்பார் என்பது அவர் கருத்து. அந்த அளவுகோலால் அளந்தால், குறை சொல்லும் ஊழியரே பற்றுள்ளவர். வாய் திறவாமல் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பவர் அல்லர். 1991இல் மேயர், ஆலன் என்னும் உளநூலார் இருவர் இதனை வேறு வகையில் பிரித்தனர். ஒருவர் அன்பினால் தங்கலாம். போனால் இழப்பு என்ற கணக்கினால் தங்கலாம். கடமை என்ற உணர்வினால் தங்கலாம். நம் ஊர் வங்கி ஊழியரைக் கேட்டால் மூன்றும் கலந்துதான் இருக்கும். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது எவரும் துறவியாக முடியாது. மூன்றாவதான கடமையுணர்வுதான் சோதனை நாளில் துணை நிற்பது. அது யாருக்கான கடமை என்பதைத் தலைமை தன் நடத்தையால் தீர்மானித்துவிடுகிறது.

குரலை அடைத்தால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு வரை விற்க வேண்டும் என்ற இலக்கு மேலிருந்து வந்தது. இலக்கை எட்டாதவர் வேலை இழக்கும் நிலை. ஊழியர் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர் நீக்கப்பட்டிருந்தனர். கீழே இருந்தவர்கள்தாம் ஒழுக்கம் தவறியவர்கள் என்பது போலத் தலைமை முதலில் பேசியது. அடுத்த மாதமே தலைவர் பதவி விலக நேர்ந்தது. முறைகேட்டை முன்பே மேலிடத்துக்குத் தெரிவித்ததற்காக வேலையிழந்த மேலாளர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்குமாறு அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2017இல் ஆணையிட்டது. சொல் மேலிருந்து கீழே அருவியாய்க் கொட்டியது. கீழிருந்து மேலே ஒரு துளியும் ஏறவில்லை. குற்றாலத்து நீருக்கு அது இயற்கை. மனிதர் நடத்தும் அலுவலகத்துக்கு அது கேடு.

அமெரிக்காவுக்குப் போவானேன்? நிரந்தர வைப்புப் போட வந்த முதியவரிடம் காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் நம் நாட்டிலும் பேசப்படாத ஒன்றன்று. மூன்றாம் ஆண்டில்தான் அவருக்கு உண்மை விளங்கும். விற்ற ஊழியரும் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருக்கமாட்டார் என்றே நாம் நம்புகிறோம். இலக்கு நிறைவேறியதற்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கும். இத்தகையவருக்குப் பாராட்டு, தெரியாது என்று சொன்னவருக்கு மெமோ.

நடுவில் அகப்பட்ட ஒருவரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நாம் நீதி செய்தவராகோம். கிளை மேலாளரைத்தான் குறிப்பிடுகிறோம். அவருக்கும் மேலே நடப்பது தெரியாது. சுற்றறிக்கை அவர் எழுதியதன்று. கீழே இருப்பவர் அவரைத் தலைமை என்கிறார். தலைமையோ அவரைக் கருவி என்கிறது. நாம் அறிந்த அந்தக் கிளையின் மேலாளர் நல்லவர். காசாளரைத் தனியே அழைத்து, நீ சொன்னது தவறில்லை, ஆனால் நான் அப்படி எழுதித் தர முடியாது என்றாராம். எழுதித் தர முடியாத ஒப்புதல்கள் எத்தனை அலுவலகங்களில் காற்றில் கரைந்திருக்கின்றன! ஆனாலும் அந்தத் தனிச்சொல் காசாளருக்கு அன்று பெரும் ஆறுதலாக இருந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்டோம். தலைமை என்பது மிக உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை போலும்.

அவர் செய்திருக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. சுற்றறிக்கை வந்த அன்றே ஊழியரை அமரவைத்து, எனக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, காப்பீட்டின் வரம்பு இவ்வளவு, வாடிக்கையாளர் கேட்டால் இந்த மூன்றையும் சொல்லுங்கள் என்று கூறியிருக்கலாம். கால் மணி நேரம் போதும். பெரியவருக்கும் ஓர் உறுதியான எண் கிடைத்திருக்கும். காசாளர் தனியாளாக நின்று, தம் சம்பளத்தையே பிணையாகக் காட்ட வேண்டிய நிலை வந்திராது. இதனை அவரிடம் நாம் பின்னொரு நாள் சொன்னோம். கேட்டுவிட்டு, அந்த அளவுக்கு எனக்குத் தோன்றவில்லை என்று ஒளிவின்றி ஒப்புக்கொண்டார்.

மெமோவுக்கு விடை எழுதும் வேலை நம் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாலைகள் நடந்தது. முதலில் எழுதியது ஒரு முழுத்தாள். வருத்தமும் மன்னிப்பும் இனி நேராது என்ற உறுதியும் நிறைந்தது. நாம்தான் அதற்குச் சொற்கள் எடுத்துக் கொடுத்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அவருக்குப் பெண் பிள்ளைகள் இருவர்; வேலை போய்விடக் கூடாதே என்ற அச்சம் நமக்கு. மறுநாள் மாலை அவர் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேறொன்றைக் காட்டினார். கேட்டவர் உண்மையைக் கேட்டதாகவும், தாம் அறிந்த உண்மையைச் சொன்னதாகவும், அவ்வாடிக்கையாளரின் கணக்கு இன்றும் நம் கிளையில்தான் உள்ளது என்றும் மூன்று வரிகள் இருந்தன. நாம் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அவ்விடைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மறுமொழி வரவேயில்லை. ஏற்றுக்கொண்டோம் என்றும் இல்லை. தண்டித்தோம் என்றும் இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவருக்கு வடமாவட்டத்துக்கு இடமாற்ற ஆணை வந்தது. மூன்றாண்டு முடிந்தவரை மாற்றும் வழக்கமான சுழற்சியா, அந்த மூன்று வரிகளுக்குக் கிடைத்த விலையா என்று அவருக்கும் தெரியவில்லை. மேலாளரைக் கேட்டார், மேலாளருக்கும் தெரியவில்லை. புறப்படுமுன் நம்மிடம் விடைபெற வந்தபோது அந்த ஆணையைக் காட்டினார். அதில் பெயரும் பணியிட எண்ணும் பொறுப்பேற்க வேண்டிய நாளும் இருந்தன. காரணம் எழுதும் இடத்தில் நிர்வாக நலன் கருதி என்று அச்சடிக்கப்பட்டிருந்தது.